பொலிஸ் கிளியரன்ஸ் எடுக்கப் போய் ஏமாந்தோம்: திருகோணமலை ஆட்கள் கவனம்

என் தம்பியின் மனைவி கனடாவில் இருக்கிறார். அவனை அங்கே எடுப்பதற்கான ஸ்பொன்சர் அலுவல் தொடங்கியபோது கேட்ட ஆவணங்களில் ஒன்று பொலிஸ் கிளியரன்ஸ், அதாவது ஒருவர் மேல் குற்றப் பதிவு இருக்கிறதா என்று பார்த்துப் பொலிஸ் கொடுக்கும் சான்றிதழ். எடுத்துத் தருகிறேன் என்ற ஒருவரிடம் 45,000 ரூபாய் கொடுத்தோம். அவர் தந்தது போலித் தாள். நல்ல காலம், அனுப்புவதற்கு முன் கண்டுபிடித்துவிட்டோம். எங்கள் ஊரில் இன்னும் பலர் இதே ஆளிடமோ இவரைப் போன்றவர்களிடமோ போய்க்கொண்டிருக்கிறார்கள் என்பதால்தான் எழுதுகிறேன்.

நகருக்குள் இருக்கும் ஒரு கொமினிகேஷன் கடை அது. போட்டோ கொப்பி, ரீலோட், ஒன்லைன் விண்ணப்பம் எல்லாம் செய்வார்கள். தம்பியின் பிறப்புச் சான்றிதழைக் கொப்பி எடுக்கத்தான் போனேன். என்ன விஷயம் என்று கடைக்காரர் கேட்டார், சொன்னேன். உடனே கதிரையை இழுத்துப் போட்டு இருக்கச் சொன்னார். முதலில் சாதாரணமாகத்தான் பேசினார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அக்கா, தம்பியை எப்பவாவது பிடிச்சவங்களா?" என்று கேட்டார்.

அந்த ஒரு கேள்வியில் நான் விழுந்துவிட்டேன். 2007இல் எங்கள் பகுதியில் சுற்றிவளைப்பு நடந்தபோது தம்பியையும் ஏற்றிக்கொண்டு போனார்கள். அவனுக்கு அப்போது 19 வயது. அம்மா இரவு முழுக்க வாசற்படியிலேயே இருந்தார். மறுநாள் மத்தியானம் விட்டுவிட்டார்கள். வழக்கு எதுவும் இல்லை, நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகவும் இல்லை. ஆனால் அந்த இரவு எங்கள் வீட்டை விட்டு இன்னும் போகவில்லை. நான் பதில் சொல்லத் தயங்கியதை அவர் பார்த்துக்கொண்டார். "பேர் லிஸ்டில இருக்கும் அக்கா. நீங்க நேரா போட்டீங்கண்டா ரிப்போர்ட் பிழையா வரும். பிறகு ஒண்டும் செய்ய ஏலாது. கொழும்பில எங்கட ஆள் ஒருத்தர் இருக்கிறார், பேரை எடுத்துப்போட்டு கிளீனா எடுத்துத் தருவார்."

திருகோணமலையில் அந்த ஆண்டுகளில் வாலிபப் பிள்ளைகள் இருந்த எத்தனை வீடுகளில் இப்படி ஒரு கதை இருக்கிறது என்று அவருக்கு நன்றாகத் தெரியும். அவர் விற்றது அந்தப் பயத்தைத்தான். எனக்கு ஆத்திரம் வருவதும் காசை நினைத்தல்ல, இதை நினைத்துத்தான்.

சித்திரை வருடப்பிறப்பு முடிந்த கையோடு 20,000 கொடுத்தேன். அடையாள அட்டை, பாஸ்போர்ட், பிறப்புச் சான்றிதழ் எல்லாவற்றின் கொப்பியும் அவரிடம் போனது. பற்றுச்சீட்டு கேட்டதற்கு, "இதுக்கெல்லாம் பில் போட ஏலாது தானே அக்கா" என்றார். மே மாதக் கடைசியில் கூப்பிட்டு மிச்சம் 25,000ஐ வாங்கிக்கொண்டு ஒரு என்வலப்பைத் தந்தார். முத்திரை, கையெழுத்து எல்லாம் இருந்தன. அன்று வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி.

இரண்டு நாள் கழித்து மச்சாளுக்கு அனுப்ப ஸ்கேன் எடுக்கும்போதுதான் பாஸ்போர்ட் இலக்கத்தை ஒத்துப் பார்த்தேன். நடுவில் 3 இருக்க வேண்டிய இடத்தில் 8 இருந்தது. டைப் பிழை என்றுதான் முதலில் நினைத்தேன். அப்புறம் கொடுக்கப்பட்ட திகதியைப் பார்த்தேன். எங்கேயோ இடித்தது. போனை எடுத்து அந்தத் திகதிப் படங்களைத் தேடினால், மகள் வெசாக் கூட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். வெசாக் போயா அன்று, நாடு முழுக்க விடுமுறையாக இருந்த நாளில், அந்தச் சான்றிதழில் கையெழுத்து வைத்திருக்கிறார்கள்! தாளின் மேல் மூலையில் இருந்த இலக்கத்தைப் பொலிஸ் இணையத்தளத்தில் போட்டுப் பார்த்தோம். அப்படி ஒரு விண்ணப்பமே இல்லை.

கனடாவுக்குப் போலி ஆவணம் கொடுத்தது தெரியவந்தால் அந்த விண்ணப்பத்தை நிராகரிப்பதோடு விடமாட்டார்கள். பொய்த் தகவல் கொடுத்ததாக 5 ஆண்டுகளுக்கு உள்ளே வரத் தடை போடலாம். "கடைக்காரர் தந்தார், எனக்குத் தெரியாது" என்று சொல்லித் தப்புவது மிகக் கஷ்டம், ஏனென்றால் விண்ணப்பத்தில் கையெழுத்து வைப்பது நாங்கள். கல்யாணம் முடித்து இரண்டு வருடமாகப் பிரிந்திருக்கும் பிள்ளைகளுக்கு இன்னும் 5 ஆண்டு என்று நினைத்தபோது எனக்குக் கை நடுங்கியது.

கடைக்குப் போய்க் கேட்டேன். கொழும்பு ஆள் செய்த வேலை, தனக்கு ஒன்றும் தெரியாது என்றார். காசைக் கேட்டதும் முகம் மாறியது. "பேரை எடுக்கச் சொல்லிக் காசு குடுத்தது நீங்க தானே, பொலிசுக்குப் போனா உங்களுக்கும்தான் பிரச்சினை." ஒரு கிழமை இதற்குப் பயந்து பேசாமல் இருந்தேன். அது பிழை. பிறகு என் கணவரோடு போய், நடந்ததை நடந்தபடி சொல்லி முறைப்பாடு கொடுத்தேன். பெயரை எடுக்க என்று காசு கொடுத்ததையும் மறைக்கவில்லை. காசு இன்னும் வரவில்லை.

அதன் பிறகு நாங்களே விண்ணப்பித்தோம். அப்போதுதான் இது எவ்வளவு நேரான வேலை என்று விளங்கியது. இலங்கைப் பொலிஸின் சொந்த இணையத்தளம் பொலிஸ் டொட் எல்கே (police.lk). தேடும்போது முதலில் வரும் விளம்பரங்களை அமத்தாதீர்கள், முகவரியை நீங்களே டைப் பண்ணுங்கள். பாஸ்போர்ட், அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ் ஆகியவற்றை ஸ்கேன் செய்து ஏற்ற வேண்டும். காசை கார்டில் கட்டலாம். கட்டணம் எவ்வளவு என்று அங்கேயே போட்டிருக்கிறது, நாங்கள் கடைக்காரருக்குக் கொடுத்ததில் அது ஒரு சிறு பங்குதான். விண்ணப்ப இலக்கம் ஒன்று வரும். அதை வைத்து அலுவல் எங்கே நிற்கிறது என்று வீட்டிலிருந்தே பார்க்கலாம்.

சான்றிதழ் கொழும்பில் பொலிஸ் தலைமையகத்திலிருந்து வந்தாலும், விசாரிப்பது நீங்கள் இருந்த இடத்துப் பொலிஸ் நிலையம். குற்றப் பதிவுப் பிரிவிலும் பார்ப்பார்கள். அதனால் இருந்த முகவரி எல்லாவற்றையும் மறைக்காமல் போடுங்கள். தம்பி வேலைக்காக வவுனியாவில் இரண்டு வருடம் வாடகைக்கு இருந்தவன். அதையும் போட்டோம். எங்கள் பகுதி நிலையத்திலிருந்து சீக்கிரமே கூப்பிட்டுக் கேட்டார்கள், வவுனியாப் பக்கம்தான் இழுபட்டது. பெயரின் எழுத்தையும் கவனியுங்கள். எங்கள் ஆட்களின் பெயர் பிறப்புச் சான்றிதழில் ஒரு மாதிரியும் பாஸ்போர்ட்டில் வேறு மாதிரியும் ஆங்கிலத்தில் இருக்கும். தம்பிக்கும் ஒரு எழுத்து வித்தியாசம் இருந்தது, பாஸ்போர்ட்டில் உள்ளபடியே போட்டோம்.

சிலர் கிராம சேவகரிடம் எடுக்கும் நற்சான்றிதழும் இதுவும் ஒன்று என்று நினைக்கிறார்கள். அது வேறு. வெளிநாட்டு விசாவுக்குக் கேட்கும் பொலிஸ் சான்றிதழுக்குப் பதிலாக அதைக் கொடுக்க முடியாது.

கடைக்காரர் வாயே திறக்காத இன்னொரு விஷயம் இருக்கிறது. கனடா, 18 வயதுக்குப் பிறகு, கடந்த 10 ஆண்டுகளில் தொடர்ந்து 6 மாதமோ அதற்கு மேலோ இருந்த ஒவ்வொரு நாட்டிலிருந்தும் பொலிஸ் சான்றிதழ் கேட்கும். தம்பி கத்தாரில் மூன்று வருடம் வேலை செய்தவன். அந்த நாட்டுச் சான்றிதழ் தனியாகத் தேவை, அதை இலங்கைப் பொலிஸ் தர முடியாது. இப்போது இருக்கும் நாட்டின் சான்றிதழ் என்றால், விண்ணப்பம் அனுப்பும் நாளுக்கு முந்திய 6 மாதத்துக்குள் எடுத்ததாக இருக்க வேண்டும். அதனால் முந்தி எடுத்து வைத்துவிட்டு மற்றப் பேப்பர்களுக்காகக் காத்திருந்தால் திரும்ப எடுக்க வேண்டி வரும். ஆஸ்திரேலியாவின் கணக்கு வேறு, எந்த நாட்டுக்குப் போகிறீர்களோ அந்த நாட்டின் குடிவரவுத் தளத்தில் பாருங்கள். மத்திய கிழக்குக்கு வேலைக்குப் போகிற பிள்ளைகளிடம் ஏஜென்சிக்காரர் "பொலிஸ் ரிப்போர்ட் செலவு" என்று பெரிய தொகை கேட்டால், வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 இலக்கத்துக்கு அடித்துக் கேளுங்கள்.

எங்கள் சான்றிதழ் தபாலில் வந்தது. தம்பி மேசையில் வைத்துக்கொண்டு கனநேரம் பிரிக்காமல் இருந்தான். கடைசியில் அம்மாதான் பிரித்தார். 2007ஐப் பற்றி ஒரு சொல் கூட அதில் இல்லை. பிடித்து விசாரித்துவிட்டு வழக்கே போடாமல் விட்டது ஒன்று, நீதிமன்றத்தில் குற்றவாளி என்று தீர்ப்பானது இன்னொன்று. 18 ஆண்டுகளாக எங்களுக்கு இதை ஒருவரும் சொல்லித் தரவில்லை. உங்கள் வீட்டில் உண்மையிலேயே வழக்கு ஏதும் இருந்தால் ஒரு சட்டத்தரணியிடம் காட்டி, நீதிமன்றப் பதிவைக் கையில் எடுத்துக்கொண்டு விண்ணப்பியுங்கள். எந்தக் கடைக்காரராலும் அதை அழிக்க முடியாது.

இப்படி ஆட்கள் மூலம் எடுத்த சான்றிதழ் ஏற்கெனவே கையில் இருந்தால், அனுப்பாதீர்கள். இன்றைக்கே பாஸ்போர்ட்டைப் பக்கத்தில் வைத்து இலக்கத்தை ஒவ்வொரு எண்ணாக ஒத்துப் பாருங்கள். திகதியைக் கலண்டரில் பாருங்கள். விண்ணப்ப இலக்கத்தைப் பொலிஸ் தளத்தில் போட்டுப் பாருங்கள். கார்ட் இல்லை, கொம்பியூட்டர் தெரியாது என்பவர்கள் கீழே எழுதுங்கள். எங்கள் வீட்டு மேசையில் வைத்தே நிரப்பித் தருகிறேன், காசு வேண்டாம்.