வேல்ஸில் பள்ளி தேடுவோருக்கு: வெல்ஷ் வழியா, ஆங்கில வழியா?

இங்கிலாந்தில் பிள்ளைக்குப் பதினோரு வயதானால் பெற்றோர் கிராமர் பள்ளி (நுழைவுத் தேர்வு வைத்துச் சேர்ப்பது), அகாடமி (உள்ளாட்சியின் கீழ் வராத அரசு நிதிப் பள்ளி), ஃப்ரீ ஸ்கூல் (அதே வகையில் புதிதாகத் தொடங்கப்பட்டது) என்று அலைய வேண்டும். வேல்ஸில் இந்த மூன்றுமே இல்லை. அங்குள்ள 22 உள்ளாட்சிகளின் அரசுப் பள்ளிகள் மதிப்பெண் பார்த்துப் பிள்ளைகளைச் சேர்ப்பதில்லை. ஏழாம் ஆண்டு முதல் பதினோராம் ஆண்டு வரை பள்ளி, அதன்பின் சிக்ஸ்த் ஃபார்ம் (மேல்நிலை வகுப்பு) அல்லது கல்லூரி. ஆகவே பெற்றோர் முன் நிற்கும் பெரிய கேள்வி பயிற்றுமொழிதான்: வேல்ஸின் சொந்த மொழியான வெல்ஷா, ஆங்கிலமா?

ஆங்கில வழிப் பள்ளியிலும் 16 வயது வரை வெல்ஷ் கட்டாயப் பாடம். ஆனால் வாரத்தில் சில பாடவேளைகள் படித்துத் தேர்வு எழுதுபவர்களில் பலர் கடையில் நின்று இரண்டு வாக்கியம் பேசவே தயங்குகிறார்கள். 2025இல் வந்த, 16 வயதுத் தேர்வான GCSE-க்குரிய புதிய வெல்ஷ் பாடத்திட்டம் இதை மாற்றுமா என்பது இனிமேல்தான் தெரியும்.

வெல்ஷ் வழிப் பள்ளியில் கணக்கு, அறிவியல், வரலாறு எல்லாமே வெல்ஷில். 1956இல் ரில் நகரில் தொடங்கிய கிளான் க்ளூயிட்தான் இவ்வகையில் முதல் உயர்நிலைப் பள்ளி. வேல்ஸின் தென்கிழக்கில் இத்தகைய பள்ளிகளில் படிக்கும் பிள்ளைகளில் பெரும்பாலோர் வீட்டில் ஆங்கிலம் பேசுபவர்கள். “ஆங்கிலம் கெட்டுவிடுமே” என்ற பயம் வேண்டாம். ஆங்கிலப் பாடமும் தேர்வும் இங்கேயும் உண்டு. இரண்டு மொழியும் கையில் வரும் பள்ளி இதுதான் என்பேன்.

சிக்கல் தூரத்தில் இருக்கிறது. தென்கிழக்கிலுள்ள மன்மத்ஷயர் உள்ளாட்சியில் வெல்ஷ் வழி உயர்நிலைப் பள்ளி ஒன்றுகூட இல்லை. பிள்ளைகள் பக்கத்து உள்ளாட்சிக்குப் பேருந்தில் போகிறார்கள். மிக அருகிலுள்ள தகுந்த பள்ளியே மூன்று மைல் அல்லது அதற்கு மேல் தள்ளியிருந்தால் போக்குவரத்து இலவசம்தான், ஆனால் விடிகாலையில் எழுந்து கிளம்புவது பிள்ளைதானே.

இன்னொன்று: பதினோரு வயதில் உட்கார்ந்து முடிவெடுக்க நினைத்தால் தாமதம். வெல்ஷ் வழித் தொடக்கப் பள்ளியிலிருந்து வருவதே வழக்கம். க்வினெத் போன்ற சில இடங்களில் பிந்தி வரும் பிள்ளைகளுக்கு மொழி கற்பிக்கும் தனி மையங்கள் உண்டு. அப்படி ஒன்று அருகில் இல்லாமல், பத்து வயதுப் பிள்ளையுடன் புதிதாகக் குடியேறும் குடும்பத்துக்கு ஆங்கில வழியையே சொல்வேன். பிள்ளைக்கு மூன்று வயதென்றால் வெல்ஷ் வழி மழலையர் வகுப்பில் இப்போதே பெயர் கொடுத்துவிடுங்கள்.