லேப் குட்டிக்கு ஸ்லோ ஃபீடர் கிண்ணம்: இரண்டு மாத அனுபவம்

எங்கள் லாப்ரடார் குட்டிக்கு நாலரை மாதம் ஆகிறது. தட்டில் எதைப் போட்டாலும் ஒரு நிமிடம்கூடத் தாங்காது, மெல்லாமல் அப்படியே விழுங்கிவிட்டு வாரத்தில் இரண்டு மூன்று தடவை முழுசு முழுசாக வாந்தி எடுக்கும், உடனே அதையே திரும்பத் தின்னப் பாயும். பார்க்கவே பயமாக இருந்தது. அதனால்தான் உள்ளே வளைந்து வளைந்து மேடு வைத்த இந்தக் கிண்ணத்தை ஆன்லைனில் 380 ரூபாய் கொடுத்து வாங்கினேன்.

நல்ல பலன் இருக்கிறது. இப்போது ஒரு வேளை உணவு முடிய ஏழெட்டு நிமிடம் ஆகிறது, வாந்தி சுத்தமாக நின்றுவிட்டது. ஆனால் ட்ரை ஃபுட்டுக்கு மட்டும்தான் இது சரி, தயிர்சாதமோ முட்டையோ போட்டால் இடுக்கில் ஒட்டிக்கொண்டு பழைய டூத் பிரஷ் வைத்துத்தான் தேய்க்க வேண்டும். அடியில் இருந்த நாலு ரப்பரில் மூன்றாவது வாரமே இரண்டு கழன்றுவிட்டன, குட்டி அதை விழுங்கும் முன் மீதியையும் நானே பிடுங்கிவிட்டு ஈரத்துணியை விரித்து அதன் மேல் வைக்கிறேன். பக் மாதிரி மூக்கு சப்பையான நாய்க்கு இவ்வளவு ஆழமான பள்ளம் எட்டாது, வாங்காதீர்கள்.

ஒன்று மட்டும் தெளிவாகச் சொல்கிறேன், இது வேகத்தைத்தான் குறைக்கும், பசியைக் குறைக்காது. லாப்ரடார்களில் ஏறக்குறைய நாலில் ஒன்றுக்கு பிஓஎம்சி என்ற மரபணுவில் ஒரு துண்டு விடுபட்டிருப்பதை கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் 2016இல் கண்டுபிடித்தார்கள். வயிறு நிறைந்த சேதி மூளைக்குப் போகும் வழியில் அந்த மரபணுவுக்கு வேலை இருக்கிறது. கெஞ்சும் கண்ணைப் பார்த்து அளவை ஏற்றினால் வளரும் குட்டியின் எடை மளமளவென்று கூடி இடுப்பு மூட்டுதான் கெடும். அதனால் கிண்ணத்தோடு ஒரு சமையலறைத் தராசும் வாங்குங்கள்.

ட்ரை ஃபுட் பாக்கெட்டின் பின்னால் இருக்கும் கிராம் கணக்கு ஒரு நாளைக்கு, ஒரு வேளைக்கு அல்ல! நான் முதல் வாரம் அப்படித்தான் தவறாகப் போட்டேன், வயிற்றுப்போக்கு வந்த பிறகுதான் புரிந்தது. மூன்று மாதம் வரை நாலு வேளை, இப்போது காலை ஏழு, மதியம் ஒன்று, இரவு ஏழரை என்று மூன்று வேளை, ஆறு மாதம் முடிந்ததும் இரண்டு. எங்கள் குட்டிக்கு இப்போது நாளுக்கு 330 கிராம். காலையிலேயே அதை ஒரு டப்பாவில் எடுத்து வைத்துவிடுவேன், அம்மா மனசு கேட்காமல் ஏதாவது கொடுக்க நினைத்தால் அந்த டப்பாவிலிருந்துதான், தன் தட்டு இட்லியைப் பிய்த்துப் போடக்கூடாது. தடவிப் பார்த்தால் விலா எலும்பு கைக்குத் தட்டுப்பட வேண்டும், மேலிருந்து பார்த்தால் இடுப்பு ஒடுங்கித் தெரிய வேண்டும், அதை வைத்துத்தான் அளவைக் கூட்டுவதும் குறைப்பதும்.

அப்புறம், எவ்வளவு தின்றாலும் உடம்பு தேறாமல் வயிறு மட்டும் உப்பியிருந்தால் எந்தக் கிண்ணமும் உதவாது. பூச்சியாக இருக்கலாம், டாக்டரிடம் காட்டிப் பூச்சி மருந்து கொடுங்கள். பெரிய இன நாய்க்குட்டி என்று சொல்லி கால்சியம் டானிக்கை நீங்களாக ஊற்றாதீர்கள், நல்ல பப்பி ஃபுட்டிலேயே தேவையான அளவு இருக்கிறது, அதற்கு மேல் போனால் எலும்பு வளர்ச்சியே கோணிவிடும்.

ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். அடுத்த தடவை ரப்பர் ஒட்டாத, கனமான கிண்ணமாகப் பார்த்து வாங்குவேன்.