துணை அதிபரை யார் நீக்கலாம்? கென்யா, சாம்பியா, தான்சானியா

1964 ஏப்ரலில் தான்சானியா, அக்டோபரில் சாம்பியா, டிசம்பரில் கென்யக் குடியரசு. மூன்றுக்கும் தொடக்கத்திலேயே துணை அதிபர் இருந்தார், ஆனால் மூன்றிலும் அந்தப் பதவி ஒரே பதவி அல்ல. எடைபோட இரண்டு கேள்விகள் போதும்: அவரை யார் நீக்கலாம்? அதிபர் இறந்தால் யார் வருவார்?

கென்யாவில் 2010-இல் புதிய அரசியலமைப்பு வரும்வரை அதிபரே நியமிக்கலாம், அதிபரே நீக்கலாம் என்றிருந்தது. ஆனால் முதல் துணை அதிபர் ஒகிங்கா ஒடிங்காவுக்கு லுவோ மக்களிடம் சொந்தச் செல்வாக்கு இருந்தது. அதனால் அதிபர் ஜோமோ கென்யாட்டா அவரை நேரடியாக நீக்கவில்லை. 1966 மார்ச்சில் லிமுரு மாநாட்டில் ஆளுங்கட்சியான காணு, ஒடிங்கா வகித்த ஒற்றைத் துணைத்தலைவர் பதவியை ஒழித்து, பிராந்தியத்துக்கு ஒருவராக எட்டுப் பேரை வைத்தது. கட்சியில் பிடி போனதும் அடுத்த மாதமே ஒடிங்கா அரசுப் பதவியையும் விட்டார். அடுத்து வந்த ஜோசப் முரும்பி (தந்தை கோவாக்காரர், தாய் மசாய்) சில மாதங்களில் விலகினார். 1967 ஜனவரியில் டேனியல் அரப் மோய் வந்தார்.

இந்த ஏற்பாட்டைக் காப்பாற்றியது 1968 அரசியலமைப்புத் திருத்தம். அதிபர் இறந்தால் துணை அதிபர் 90 நாள் பொறுப்பில் இருப்பார், அதற்குள் தேர்தல் நடக்க வேண்டும் என்றது அது. 1976-இல் அதை மாற்றச் சிலர் கிளம்பினார்கள், பலிக்கவில்லை. 1978 ஆகஸ்ட் 22-இல் கென்யாட்டா இறந்தபோது மோய் அன்றே பொறுப்பேற்றார். அக்டோபர் 14-இல் முழு அதிபரானார். உயிரோடிருக்கும் அதிபரிடம் துணை அதிபருக்கு ஒரு பாதுகாப்பும் இருக்கவில்லை, அதிபர் இறந்த மறுகணம் எல்லாமே அவர் கைக்கு வந்தது. இந்த ஏற்றத்தாழ்வுதான் அன்றைய கென்ய முறையின் பெரிய ஊனம்.

சாம்பியாவில் ஆளுங்கட்சியின் உள்தேர்தலே துணை அதிபரைத் தீர்மானித்தது. 1967-இல் முலுங்குஷி மாநாட்டில் பெம்பா இனத் தலைவர் சைமன் கப்வெப்வே, கிழக்கு மாகாணத்தின் ரூபன் கமங்காவைத் தோற்கடித்தார். வாக்கெடுப்பு இன எண்ணிக்கையாகிவிட்டதால் கட்சியே பிளவுபட்டது. 1973 அரசியலமைப்பு துணை அதிபர் பதவியையே எடுத்துவிட்டுப் பிரதமரை வைத்தது. 1991 வரை அப்படித்தான்.

தான்சானியாவில் இரண்டு பேர். முதல் துணை அதிபர் அபெய்து கருமே, கூட்டுநாட்டின் தீவுப் பகுதியான சான்சிபாரின் தலைவரும் அவரே. இரண்டாமவர் ரஷீதி கவாவா, நாடாளுமன்றத்தில் அரசின் அலுவல்களை நடத்துபவர். கருமேயின் பலம் தீவிலிருந்து வந்ததால் அதிபர் ஜூலியஸ் நியெரெரே அவரை எளிதில் அசைக்க முடியவில்லை. 1972-இல் கருமே சுட்டுக்கொல்லப்பட்டபின் அபூத் ஜும்பே வந்தார். ஆட்டம் கண்டது 1984-இல். கூட்டுநாட்டின் அமைப்பை மாற்ற முயன்ற ஜும்பேயை டோடோமாவில் கூடிய ஆளுங்கட்சி விலகச் செய்தது. அரசியலமைப்பின் பாதுகாப்பு இருந்த ஆளைக் கட்சி கவிழ்த்துவிட்டது.

1992-இல் பல கட்சி முறை வந்ததும் வேறொரு சிக்கல்: சான்சிபாரில் எதிர்க்கட்சி வென்றால் அதன் தலைவர் நாட்டின் துணை அதிபராகிவிடுவார். ஆகவே 1994 திருத்தம் அதிபர் வேட்பாளரோடு துணை அதிபர் வேட்பாளரையும் சேர்த்தே நிறுத்தச் சொன்னது. ஒருவர் பெருநிலம் என்றால் மற்றவர் சான்சிபார். மூன்றில் தேறியது இதுதான், ஆனால் 30 ஆண்டு செப்பனிட்ட பிறகு.

2021 மார்ச் 17-இல் தான்சானிய அதிபர் ஜான் மகுஃபுலியின் மரணம் அறிவிக்கப்பட்டது. 19-ஆம் தேதி துணை அதிபரான சான்சிபாரின் சமியா சுலுஹு ஹசன் அதிபரானார். அவர் முன்மொழிந்த பெயரை நாடாளுமன்றம் ஏற்க, 31-ஆம் தேதி பெருநிலத்தைச் சேர்ந்த பிலிப் மபாங்கோ துணை அதிபராகப் பதவியேற்றார்.