லுக்லாவா, ஜோம்சோமா: எந்த ஓடுபாதைக்குப் பயப்பட வேண்டும்?

முக்திநாத் யாத்திரை என்று பேச்செடுத்தால் போதும், யாராவது லுக்லா வீடியோவைக் காட்டிப் பயமுறுத்திவிடுவார்கள். லுக்லா இருப்பது எவரெஸ்ட் பக்கம். திருமங்கையாழ்வார் சாளக்கிராமம் என்று பாடிய முக்திநாத்துக்கு விமானத்தில் போகிறவர்கள் இறங்குவது ஜோம்சோமில். இரண்டும் நேபாள மலை விமானத் தளங்கள்தான். இரண்டிலும் ட்வின் ஆட்டர் போன்ற சின்ன விமானங்களை விமானி கண்ணால் பார்த்துத்தான் இறக்க வேண்டும். ஆனால் ஆபத்து வேறு வேறு.

லுக்லாவின் ஓடுபாதை 527 மீட்டர். சென்னையில் 3,600 மீட்டருக்கு மேல்! போதாததற்கு ஒரு முனையைவிட மறுமுனை சுமார் 60 மீட்டர் உயரம், அதாவது இருபது மாடிக் கட்டடம் அளவு. பார்த்தால் வயிற்றைக் கலக்கும். உண்மையில் அந்தச் சரிவுதான் காப்பாற்றுகிறது: இறங்கும்போது மேடு வேகத்தைக் குறைக்கும், கிளம்பும்போது பள்ளம் வேகம் கொடுக்கும். சிக்கல் மேல் முனையில் நிற்கும் மலை. கடைசி நேரத்தில் மனம் மாறி மறுபடி மேலே எழும்ப வழியில்லை. 2008 அக்டோபரில் மூடுபனியில் இறங்க முயன்ற விமானம் ஓடுபாதைக்குச் சற்று முன்பே மோதியது. 19 பேரில் 18 பேர் இறந்தார்கள்.

காகிதத்தில் பார்த்தால் ஜோம்சோம் எவ்வளவோ மேல். நீளம் 740 மீட்டரை ஒட்டி, சரிவும் அப்படியொன்றும் இல்லை. அங்கே வில்லன் காற்று. வெயில் ஏற ஏறத் திபெத் பீடபூமி சூடாகி, அன்னபூர்ணாவுக்கும் தவளகிரிக்கும் இடையிலுள்ள காளி கண்டகிப் பள்ளத்தாக்கு வழியாகக் காற்றை உறிஞ்சும். முற்பகலுக்குப் பிறகு அங்கே பறப்பது சரிப்படாது. அதனால்தான் எல்லா விமானமும் காலையிலேயே. 2012 மே மாதம் இறங்காமல் திரும்ப முயன்ற விமானம் மலைச்சரிவில் மோதி 15 பேர் இறந்தார்கள். 2022 மே மாதம் பொக்ரா நகரத்திலிருந்து ஜோம்சோம் போன விமானம் மேகத்துக்குள் மலையில் மோதியதில் 22 பேரும் போய்விட்டார்கள். ஓடுபாதையின் நீளத்தை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால் இதெல்லாம் கண்ணில் படாது.

சரி, எது தேவலை? நான் ஜோம்சோம் என்பேன், ஓடுபாதைக்காக அல்ல, சாலைக்காக. லுக்லாவுக்கு ஜீப்பில் கொஞ்ச தூரம் போனாலும் மீதியை நடந்துதான் ஆகவேண்டும். அதனால் பயணிகளும் விமானக்காரர்களும் எப்படியாவது பறந்துவிடத் துடிப்பார்கள். ஜோம்சோமுக்குப் பொக்ராவிலிருந்து பேனி வழியாக ஜீப் போகிறது. மழைக்காலத்தில் மண்சரியும், இடுப்பு கழன்றுவிடும், அது வேறு கதை. ஆனால் "இன்றைக்குப் பறக்க வேண்டாம்" என்று சொல்ல உங்களுக்கு ஒரு வழி இருக்கிறது.

காலை முதல் விமானத்துக்குப் பதிவு செய்யுங்கள், கையில் இரண்டு நாள் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். ரத்து என்றால் கவுண்டரில் சண்டை போடாமல் ஜீப் பிடியுங்கள். பொக்ராவின் உயரம் 800 மீட்டர் சொச்சம், முக்திநாத் 3,700. வழியில் ஒரு ராத்திரி தங்கினால் வயதானவர்களுக்கு மூச்சு வாங்குவதும் குறையும்.