விறகு பாய்லர்: பல வருட ஓட்டத்துக்குப் பிறகு

திருப்பூர், ஈரோடு பக்கம் சாய ஆலைகளில் கையால் விறகு போடும், மணிக்கு 2 டன் நீராவி தரும் பாய்லரை வருடக்கணக்கில் ஓட்டினால் ஒன்று நன்றாகப் புரியும்: மிச்சம் பிடிக்கும் முதல் இடம் பாய்லர் அல்ல, விறகு அடுக்கும் களம்.

ஈரம் 50 சதவீதம் இருந்தால் ஒரு கிலோ விறகில் ஏறக்குறைய 1,900 கிலோ கலோரிதான் கிடைக்கும். 20 சதவீதத்துக்கு இறங்கினால் 3,400. எடை போட்டு வாங்கும்போது தண்ணீருக்கும் காசு கொடுக்கிறோம். அந்தத் தண்ணீரை ஆவியாக்க மறுபடியும் விறகையே எரிக்கிறோம். பட்டையோடு கிடக்கும் உருட்டுக் கட்டை லேசில் காயாது. பிளந்து, தரையிலிருந்து ஒரு அடி உயர்த்தி, காற்று புகும்படி குறுக்கும் நெடுக்குமாக அடுக்க வேண்டும். மேலே கூரை போதும், பக்கம் திறந்திருக்கட்டும். தார்ப்பாய் சுற்றினால் பூஞ்சைதான் மிஞ்சும். அட்டியில் வந்த தேதியைச் சுண்ணாம்பால் எழுதிப் பழையதை முதலில் எடுங்கள். ஈரமானியைக் கட்டையின் மேற்புறத்தில் குத்தினால் ஏமாற்றும். அப்போதே பிளந்த உள்முகத்தில் குத்த வேண்டும்.

அடுப்பில், ஒரேயடியாக அள்ளிப் போட்டால் கரும்புகை கிளம்பும், பிரஷர் இறங்கும். கொஞ்சம் கொஞ்சமாக, கிரேட்டில் (விறகு எரியும் கம்பித் தட்டில்) வெற்றிடம் விடாமல் போட வேண்டும். வெற்றிடம் வழியாகக் குளிர்காற்று நேரே சிம்னிக்குப் போய்விடும். புகைவாயுவில் ஆக்சிஜன் 6 முதல் 8 சதவீதம் வரை நல்லது. 12 தாண்டினால் காற்று அதிகம் என்று பொருள்; புகையை வெளியே இழுக்கும் ஐடி ஃபேனின் டேம்பரை (காற்றின் அளவை மாற்றும் தகட்டை)க் குறையுங்கள்.

சிம்னி வெப்பநிலையை ஷிஃப்ட்டுக்கு ஒருமுறை குறித்து வைப்பதைப் போலப் பயனுள்ள வேலை வேறில்லை. அதே லோடில் 22 டிகிரி ஏறினால் ஏறக்குறைய 1 சதவீதத் திறன் போய்விட்டது என்று பொருள். டியூபுக்கு பிரஷ் போட்டுக் கரியை எடுத்த பிறகும் வெப்பநிலை இறங்காவிட்டால் தண்ணீர்ப் பக்கம் உப்புப் படிந்திருக்கும். 1 மில்லிமீட்டர் படிவே எரிபொருள் செலவை 5 முதல் 8 சதவீதம் கூட்டும். சாஃப்ட்னரிலிருந்து (தண்ணீரின் கடினத்தன்மையை நீக்கும் கருவி) வரும் தண்ணீரின் கடினத்தன்மையைத் தினமும் பாருங்கள்.

கண்டன்சேட்டை (நீராவி குளிர்ந்து கிடைக்கும் சுடுநீரை)த் திருப்பினால், ஃபீட் வாட்டர் (பாய்லருக்குள் செலுத்தும் தண்ணீர்) 6 டிகிரி ஏறும்போதெல்லாம் 1 சதவீத விறகு மிச்சம். ஆனால் சாய மெஷினைச் சூடாக்கும் நீராவிக் குழாய்ச் சுருள் (காயில்) ஓட்டையானால் சாயத் தண்ணீர் பாய்லருக்குள் வந்துவிடும். ரிட்டர்ன் லைனில் நிறம், டிடிஎஸ் (தண்ணீரில் கரைந்துள்ள உப்பின் அளவு) இரண்டையும் கண்காணிக்க வேண்டும். ஃபீட் டேங்க் 85 டிகிரியை நெருங்கினால் பம்ப் தண்ணீர் எடுக்காமல் இரையத் தொடங்கும். டேங்கை உயரத்தில் ஏற்றி வைத்தால் அந்தத் தொல்லை வராது.