பஞ்சுத் தூசிக்குள் ஒரு கேமரா: நிக்கான் டி5300-உடன் ஒன்பது ஆண்டுகள்

பல்லடம் பக்கம் எங்கள் வீட்டையொட்டியே தறிக்குடோன். 12 தறி. அவை ஓடும்போது காற்றில் பஞ்சு பறந்துகொண்டே இருக்கும். புருவம், சிலந்தி வலை, சுவரில் மாட்டிய காலண்டர், குடிக்க வைத்த டீ என்று எதையும் விடாது. இப்படிப்பட்ட இடத்தில் லென்ஸ் கழற்றி மாட்டும் கேமரா வாங்கலாமா என்று அன்றைக்கு யாரும் என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் வாங்கியிருப்பேன்.

2016 கடைசியில் கோயம்புத்தூரில் ஒருவரிடம் இரண்டாம் கையாக வாங்கியது. 18-55 லென்ஸோடு 24,000 ரூபாய். அந்த மாதக் கூலிக் கணக்கு முடிப்பதற்குள் கையில் இருந்த காசெல்லாம் அதில் போயிற்று. வீட்டில் என்ன சொன்னார்கள் என்பதை இங்கே எழுதப்போவதில்லை.

டி5300 என்பது 2013-ல் வந்த மாடல். 24 மெகாபிக்சல், பேட்டரி இல்லாமல் எடை 480 கிராம். இன்றைக்கு வருகிற கேமராக்களோடு இதை ஒப்பிட எனக்கு ஆசையும் இல்லை, அவகாசமும் இல்லை. ஒன்பது வருடத்தில் எது உதவியது, எங்கே நான் சறுக்கினேன் என்பதை மட்டும் சொல்கிறேன். பெரும்பாலும் சறுக்கியதுதான்.

முதல் சறுக்கல் லென்ஸில். ‘50 எம்எம் 1.8 வாங்குங்க, படம் சும்மா அள்ளும்’ என்று எல்லோரும் சொல்ல, மலிவாகக் கிடைத்த, உள்ளே மோட்டார் இல்லாத பழைய டி வகை 50-ஐ வாங்கிவிட்டேன். இந்த கேமரா பாடிக்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. லென்ஸுக்குள்ளேயே மோட்டார் உள்ள ஏஎஃப்-எஸ், ஏஎஃப்-பி வகை மாட்டினால்தான் தானாக ஃபோகஸ் ஆகும். வாங்குவதற்கு முன் ஐந்து நிமிடம் படித்திருந்தால் தெரிந்திருக்கும். நான்கு மாதம் கையால் வளையத்தைத் திருகித் திருகி எடுத்தேன். ஓடும் குழந்தைகள் அத்தனை பேரும் மங்கல். அப்புறம் அதை விற்றுவிட்டு 35 எம்எம் 1.8ஜி வாங்கினேன். இந்த கேமராவில் படம் பதியும் சென்சார் சிறியது என்பதால் 35 மாட்டினால் பழைய பிலிம் கேமராவில் 52 மாட்டியது போலத் தெரியும், கண்ணால் பார்க்கும் அளவுக்கு ஏறக்குறைய ஒத்துப்போகும். எடை 200 கிராம்தான். இரவு நோம்பியில், அதாவது ஊர்த் திருவிழாவில், தீப்பந்த வெளிச்சத்தில் கும்மி ஆடுகிறவர்களை ஃபிளாஷ் போடாமல் எடுக்க முடிந்தது இதனால்தான். இருட்டில் எடுக்க ஒளியுணர்வைக் கூட்டும் ஐஎஸ்ஓ எண்ணில் 3200 வரை தைரியமாகப் போகலாம். 6400-ல் குருணை தெரியும். எனக்கு அது உறுத்துவதில்லை, நோம்பி இரவு என்றால் கொஞ்சம் புழுதி இருக்கத்தானே செய்யும்.

சரி, பஞ்சுக்கு வருகிறேன். முதலில் எனக்குத் தெரியவே இல்லை. ஒரு ஆடி மாதம் கேத்தனூர்ப் பக்கம் காற்றாலைகளை எடுக்கப் போனேன். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று அந்த நாட்களில் ஆளைத் தள்ளும். டிரைபாடின் நடுக்கம்பியில் கல் போட்ட பையைக் கட்டித் தொங்கவிட்டால்தான் நிற்கும். காற்றாலை இறக்கை சுழல்வது தெரிய வேண்டும் என்று லென்ஸின் துவாரத்தை எஃப்16-க்குச் சுருக்கி, ஷட்டரை மெதுவாக்கி எடுத்தேன். வீட்டுக்கு வந்து பெரிதாக்கிப் பார்த்தால் வானம் முழுக்கப் புள்ளி. நடுவில் புழு போல நெளிந்து ஒன்று. அது எங்கள் தறியில் ஓடிய நூலின் இழைதான், சந்தேகமே இல்லை. துவாரத்தைப் பெரிதாக வைத்து எடுக்கும்போது சென்சார் தூசி கலங்கி மறைந்துவிடும். எஃப்11, எஃப்16 என்று சுருக்கினால் கூர்மையாகக் காட்டிக்கொடுக்கும். ஆறு மாதமாக அது உள்ளே இருந்திருக்கிறது.

கேமராவில் சென்சாரை அதிரவைத்துத் தூசியை உதறும் வசதி உண்டு. மண் தூசிக்கு அது போதும், ஒட்டிக்கொண்ட பருத்தி இழை அதற்கெல்லாம் அசையாது. ஒரு கடையில் காசு கொடுத்துத் துடைக்கச் சொன்னேன். புள்ளி போய்க் கோடு வந்தது. அதன் பிறகு நானே செய்கிறேன். ரப்பர் காற்றூதி முதலில், கேமரா வாய் கீழே பார்த்தபடி. போகவில்லை என்றால் இந்த அளவு சென்சாருக்கென்றே விற்கும் துடைப்பான் குச்சியில் இரண்டு சொட்டு திரவம் விட்டு, ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் ஒரே இழுப்பு. வாயால் ஊதாதீர்கள், எச்சில் தெறிக்கும். வீட்டில் இப்போது சட்டமே உண்டு: லென்ஸ் மாற்றுவது காருக்குள், கண்ணாடியை ஏற்றிவிட்டு. வெயிலில் நின்ற காரில் அதைச் செய்து பாருங்கள், லென்ஸ் மாற்றும் ஆசையே போய்விடும். 35 எம்எம் வருடக்கணக்காகக் கழறாமல் இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

பூஞ்சை பற்றிச் சுருக்கமாக. வால்பாறை மழையில் நனைந்து வந்த பையை அப்படியே பீரோவுக்குள் வைத்தேன், 18-55-க்குள் வலை பின்னியது. அரிசி அண்டாவில் போட்டு வை என்றார் அம்மா. அரிசியில் தவிடு இருக்கும், வேண்டாம். இறுக்கமாக மூடும் பிளாஸ்டிக் டப்பா, சிலிக்கா ஜெல், ஈரப்பதம் காட்டும் சின்னக் கருவி, அவ்வளவுதான். 40 சதவீதத்துக்கும் 50 சதவீதத்துக்கும் இடையில் முள் நின்றால் போதும்.

இனி மாடு.

காங்கேயம் வட்டத்தில் ஓலப்பாளையம் பக்கம் கண்ணபுரம். மாரியம்மன் கோயில் தேரையொட்டிச் சித்திரையில் அங்கே மாட்டுச் சந்தை கூடும். காங்கேயம் மாட்டை அதன் ஊரிலேயே, நூற்றுக்கணக்கில் பார்க்க வேண்டும் என்றால் அங்கேதான் போக வேண்டும். மயிலை, செவலை, காரி, பிள்ளை என்று நிறத்துக்கு ஒரு பெயர். கேமராவில் வெளிச்சம் பழக இதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது. கேமராவின் மீட்டர் எதைப் பார்த்தாலும் அதை நடுத்தரச் சாம்பலாக்கப் பார்க்கும். பிரேம் நிறைய வெள்ளை மயிலை நின்றால் அதை அழுக்குச் சாம்பலாக்கும். கறுத்த காரிக் காளை நின்றால் அதையும் வெளுக்கவைத்துச் சாம்பலாக்கும். அதனால் கேமராவின் வெளிச்ச அளவில் மயிலைக்கு 0.7 கூட்டு, காரிக்கு 0.7 குறை. இந்த ஒன்றைப் புரிந்துகொள்ள எனக்கு இரண்டு சந்தை ஆயிற்று.

2018 என்று நினைவு. விடிந்ததும் போய்விட்டேன். ஒரு பெரியவர் பூச்சிக்காளை (இனவிருத்திக்கு விடும் காளை) ஒன்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். காளையின் கண், கொம்பின் அடி, பின்னால் மங்கலாக அவருடைய தலைப்பாகை. துவாரத்தை 1.8-க்கு முழுக்கத் திறந்து எடுத்தேன். எனக்கே கை நடுங்கியது, அவ்வளவு பிடித்துப்போயிற்று. திரையைத் திருப்பி அவரிடம் காட்டினேன்.

“படம் நல்லாத்தானுங் தம்பி இருக்குது. காளையோட காலெங்க?”

நான் விழித்தேன்.

“திமிலு பாதி, வாலே இல்ல. இதப் பாத்து எவன் வெல பேசுவான்?”

அதற்குப் பிறகு அரைமணி நேரம் அவர் எனக்குப் பாடம் எடுத்தார். காளை சமதரையில் நிற்க வேண்டும். வெயில் எடுக்கிறவன் முதுகில் விழ வேண்டும். பக்கவாட்டில், நான்கு காலும் தனித்தனியாகத் தெரிகிற மாதிரி. தலை தூக்கி, காது முன்னால் விடைத்திருக்க வேண்டும். அதற்கு ஒருவர் எதிரே நின்று சோளத்தட்டை ஆட்டுவார். என் பங்குக்கு நான் கண்டுபிடித்தது இரண்டு. பக்கத்தில் நின்று 18-55 லென்ஸை 18-ல் வைத்து எடுத்தால் தலை பூசணிக்காய் அளவும் பின்பக்கம் கன்றுக்குட்டி அளவுமாக வரும், அதனால் பின்னால் போய் 55-ல் எடுக்க வேண்டும். நின்றபடி எடுத்தால் கால் குட்டையாகத் தெரியும், அதனால் கேமராவைக் காளையின் வயிற்று மட்டத்துக்கு இறக்க வேண்டும். திரையை வெளியே மடக்கித் திருப்பும் வசதிக்கு அன்றைக்குத்தான் உண்மையான வேலை வந்தது. இல்லாவிட்டால் சாணியில் படுத்திருப்பேன்.

கண்ணும் கொம்பும் உள்ள படத்தை இன்ஸ்டாகிராமில் போட்டேன். எனக்கு அதுவரை வந்ததில் அதிக லைக் அதற்குத்தான். நான்கு கால் படத்தைப் பெரியவருடைய பேரனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். மூன்றாம் நாள் அது தாராபுரத்தில் இருக்கும் என் மச்சானுடைய மாட்டுக் குரூப்பில் வந்து, அவர் எனக்கே அனுப்பி, “மாப்ள, காளை எப்பிடி?” என்று கேட்டார். என் பெயர் எங்கும் இல்லை. நான் எடுத்ததிலேயே அதிகம் பேர் பார்த்த படம் அதுவாகத்தான் இருக்கும்.

இணையத்தில் பகிர்வது பற்றியும் சொல்லத்தான் வேண்டும். முதலில் படம் பகிரும் தளமான ஃபிளிக்கர். 2013-லிருந்து இலவசமாக ஒரு டெராபைட் கொடுத்தார்கள். நானும் களத்தில் கொட்டுகிற மாதிரி கொட்டினேன். 2018-ல் ஸ்மக்மக் என்ற நிறுவனம் அதை வாங்கியது. அடுத்த வருடம் இலவசக் கணக்குக்கு 1,000 படம்தான் என்று வந்தது. என்னிடம் 1,400-க்கு மேல். எதை நீக்குவது என்று உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது, காற்றாலைக்குப் பின்னால் சூரியன் இறங்கும் படம் மட்டும் 63 வைத்திருந்தேன். ஒன்றை விட்டுவிட்டு மற்றதை அழித்தேன். அந்த ஒன்றும் பெரிய படமில்லை.

இன்ஸ்டாகிராம் வேறு மாதிரி. 6000 புள்ளி அகலத்தில் எடுத்த படம் அங்கே பெரும்பாலும் 1080-ஆகச் சுருங்கி உள்ளங்கையில் தெரியும். அதில் நின்று பேச வேண்டுமென்றால் நெட்டுக்குத்தாக, ஒரே பொருளாக, நிறம் தூக்கலாக இருக்க வேண்டும். ஒரு இரண்டு வருடம் நான் எடுத்ததெல்லாம் அப்படியே ஆகிவிட்டது. மஞ்சள் மண்டியில் பத்துப் பேர் குனிந்து வேலை செய்கிற இடத்தில் நின்று ஒரே ஒரு கிழங்கை எடுத்துக்கொண்டு வந்திருக்கிறேன். அதை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

விக்கிப்பீடியாவுக்குப் படம் கொடுக்கும் பொதுக் கிடங்கான விக்கிமீடியா காமன்ஸ்தான் எனக்கு நிலைத்தது. அங்கே ஏற்றினால் பெயர் குறிப்பிட்டு யாரும், வியாபாரத்துக்குக்கூட, பயன்படுத்தலாம். கொடுத்த உரிமத்தைத் திரும்பப் பெற முடியாது. அது ஒத்துவராது என்றால் போகாதீர்கள். எனக்கு ஒத்துவந்தது. ஏற்கெனவே ஒரு கல்யாண மண்டபம் என் கொடிவேரி அணைப் படத்தைக் கேட்காமல் எடுத்து, மூலையில் அவர்கள் சின்னத்தைப் போட்டு ஃபிளெக்ஸ் அடித்திருந்தது. கேட்காமல் எடுப்பவன் எப்படியும் எடுப்பான், கேட்டு எடுப்பவனுக்கு வழி இருக்கட்டுமே என்று முடிவு செய்தேன். சுண்ணாம்பு அடித்த ஊர்க்கோயில், ஏற்றம் இறைத்த கிணறு, பவானி ஜமுக்காளத் தறி என்று யாரும் லைக் போடாத படங்கள் அங்கே இருக்கின்றன. தேடுகிறவர்களுக்குக் கிடைக்கின்றன.

இப்போது எழுத மனமில்லாத ஒன்று. இந்த கேமராவுக்குள்ளேயே ஜிபிஎஸ் உண்டு. எடுத்த இடம் படத்தோடேயே பதிவாகும். இயக்கிவைத்தால் பேட்டரி சீக்கிரம் தீரும் என்பதை மூன்று முறை பாதி வழியில் நின்ற பிறகுதான் கற்றேன். அது பரவாயில்லை. 2019 மாசியில், கைவிட்ட ஒரு பாறைக்குழியின் விளிம்பில் கொம்பன் ஆந்தை ஒன்று இரண்டு குஞ்சோடு இருப்பதைப் பார்த்தேன். எதிர்க்கரையில் உட்கார்ந்து, பொழுதோட வெளிச்சம் சாயும் வரை காத்திருந்து எடுத்தேன். இரவே ஃபிளிக்கரில் ஏற்றினேன். படத்தில் உள்ள இடத்தை வரைபடத்தில் காட்டும் அமைப்பை நானே இயக்கிவைத்திருந்தேன். அதைப் பெரிய புத்திசாலித்தனம் என்று வேறு நினைத்திருந்தேன். படம் நன்றாகப் பரவியது.

அடுத்த ஞாயிறு போனபோது குழி மேட்டில் ஒரு காரும் இரண்டு பைக்கும் நின்றன. ஒருவர் போனில் ஆந்தைக் குரலை ஒலிக்க விட்டுக்கொண்டிருந்தார். இன்னொருவர் பறக்கிற மாதிரி படம் வேண்டும் என்று விளிம்பில் குச்சியால் தட்டினார். நான் போய்ச் சத்தம் போட்டேன். “நீங்க மட்டும் எடுக்கலாமுங்களா?” என்றார். பதில் இல்லை என்னிடம். அதற்கு அடுத்த வாரம் விளிம்பு வெறுமையாக இருந்தது. குஞ்சுகள் வளர்ந்து பறந்துபோயிருக்கும் என்று தேற்றிக்கொள்ளலாம். அதற்கான வயதாகவில்லை என்பது என் படத்தைப் பார்த்தாலே தெரியும்.

ஃபிளிக்கரிலிருந்து படத்தை நீக்கிவிட்டேன். ஜிபிஎஸ்ஸை அணைத்தது அணைத்ததுதான். நஞ்சராயன் குளம், வெள்ளோடு போல எல்லோருக்கும் தெரிந்த பறவைகள் சரணாலயம் என்றால் பெயர் போடுகிறேன். கூடு என்றால் மாவட்டத்தைக்கூடச் சொல்வதில்லை.

இப்போது கேமராவின் நிலைமை: கைப்பிடி ரப்பர் கழன்று நானே பசை போட்டு ஒட்டியிருக்கிறேன். திரையில் ஒரு கீறல். வைஃபையில் படத்தை போனுக்கு அனுப்புவதைவிட, கார்டைக் கழற்றி ரீடர் வழியாகப் போனில் செருகுவது எனக்கு வேகமாக முடிகிறது. ‘மிரர்லெஸ்’ எனும், உள்ளே கண்ணாடியில்லா புது வகை கேமராவைக் கடையில் கையில் எடுத்துப் பார்த்தேன். பறவையின் கண்ணை அதுவே தேடிப் பிடிக்கிறது. ஆசையாகத்தான் இருந்தது. பாவு நூல் விலையைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தேன். பறவையும் தூரத்துப் படமும்தான் உங்களுக்கு வேண்டுமென்றால் இந்தப் பழைய மாடலைத் தேடாதீர்கள். மனிதர்கள், நோம்பி, மாடு, மண்டி என்றால் இரண்டாம் கையில் இதையும் ஒரு 35-ஐயும் வாங்குங்கள். மீதிக் காசு பெட்ரோலுக்கு ஆகும்.

இந்தச் சித்திரையிலும் கண்ணபுரம் போனேன். பழைய பெரியவரைக் காணோம். காரிக் காளையோடு நின்ற ஒருவர் என்னையும் கேமராவையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

“ஏனுங்க, நாலு காலும் வர்ற மாதிரி எடுக்கற தம்பி நீங்கதானுங்களா?”

ஆமாங்க என்றேன். வெயிலைப் பார்த்து நாங்கள் இரண்டு பேரும் இடம் மாறி நின்றோம். காளைதான் மாறவில்லை.