இரட்டை மரபணு பி.டி. பருத்தி: பல பருவம் போட்டுப் பார்த்ததில் எது நின்றது, எது கைவிட்டது

பி.டி. விதை (பாசில்லஸ் துரிஞ்ஜியன்சிஸ் என்ற பாக்டீரியாவின் மரபணுவைச் சேர்த்த பருத்தி) போட்டால் பூச்சி மருந்தே வேண்டாம் என்று இன்னும் சொல்பவர்கள் இருக்கிறார்கள். பி.டி.யே ஏமாற்று வேலை என்பவர்களும் இருக்கிறார்கள். இரண்டு பேச்சும் வயலில் நிற்பதில்லை. பச்சைக் காய்ப்புழுவுக்கும் புள்ளிக் காய்ப்புழுவுக்கும் எதிராக இந்த விதை உழைத்திருக்கிறது. சாறு உறிஞ்சும் பூச்சிகளுக்கு எதிராக முதல் நாளிலிருந்தே ஒன்றும் செய்ததில்லை. இளஞ்சிவப்புக் காய்ப்புழுவிடம் தோற்றுவிட்டது.

இந்தியாவில் 2002இல் அனுமதி பெற்ற பி.டி. கலப்பினங்களில் கிரை1ஏசி என்ற ஒரு புரதம்தான் இருந்தது. 2006இல் வந்தவற்றில் கிரை2ஏபியும் சேர்ந்தது. இரண்டுமே புழுவின் குடற்சுவரைத் துளைத்துக் கொல்பவை. ஆனால் புழு கடித்துத் தின்றால்தான் சாகும். அதனால் சப்பையிலோ (பூ மொட்டு) இளங்காயிலோ லேசான சுரண்டல் தெரிவது சகஜம். அதைப் பார்த்ததும் தெளிப்பானைத் தூக்க வேண்டாம். சப்பையின் புல்லி இதழை விரித்துப் பாருங்கள். புழு அரை சென்டிமீட்டரைத் தாண்டி வளர்ந்து, பச்சைக் கழிவோடு உயிரோடு இருந்தால்தான் கவலை. விதைத்து 100, 110 நாளுக்கு மேல் செடியில் கிரை1ஏசியின் அளவு இறங்கும். பூவிலும் காயிலும் அது இலையில் இருப்பதைவிடக் குறைவு. பின்பருவத்தில் அதிகம் கண்காணிக்கச் சொல்வது இதனால்தான்.

சாறு உறிஞ்சிகளில் முதல் எதிரி தத்துப்பூச்சி. இலை ஓரம் கீழ்நோக்கிச் சுருண்டு, மஞ்சளாகி, பிறகு செங்கல் நிறத்தில் கருகும். கடையில் வாங்கும் விதையில் பெரும்பாலும் இமிடாகுளோபிரிட் அல்லது தயாமீத்தாக்சம் பூசியே வரும். முதல் ஒரு மாதத்துக்கு அது போதும். 20ஆம் நாளில் வழக்கத்துக்காக அடிக்கும் மருந்து, அப்போதுதான் வரத் தொடங்கும், பூச்சிகளைத் தின்று நமக்கு உதவும் பொறிவண்டையும் பச்சைக் கண்ணாடி இறக்கைப் பூச்சியையும்தான் கொல்கிறது. ஒரு மாதம் கழிந்ததும் வாரம் ஒருமுறை ஏக்கருக்கு 20 செடி, செடிக்கு மேல், நடு, கீழ் என்று மூன்று இலை எனத் திருப்பிப் பாருங்கள். இலையை மெதுவாகத் திருப்ப வேண்டும். குஞ்சுகள் பக்கவாட்டில் நடந்து மறுபக்கம் ஓடிவிடும். சராசரியாக இலைக்கு 2 குஞ்சு இருந்தால் மருந்து, அதற்குக் கீழே என்றால் வேப்பங்கொட்டைக் கரைசலே போதும். அதற்கு 5 கிலோ பருப்பை இடித்து, 10 லிட்டர் தண்ணீரில் இரவு முழுக்க ஊறவைத்து, வடிகட்டி, 100 லிட்டராக்கி, கொஞ்சம் சோப்புக் கரைசல் சேர்த்து மாலையில் இலையின் அடிப்பக்கம் படும்படி அடிக்க வேண்டும்.

இலையில் ரோமம் அடர்ந்த ரகம் தத்துப்பூச்சியைத் தாங்கும். ஆனால் வெள்ளை ஈக்கு அதே ரோமம்தான் வசதி. இரண்டுக்கும் பொருந்தும் ரகம் தேடி அலைவதைவிட, உங்கள் வட்டாரத்தில் எது தொல்லை என்று பார்த்து வாங்குவது உத்தமம். யூரியாவை அள்ளிக் கொட்டி இலையைக் கொழுக்க வைத்தால் எந்த ரகமும் தாங்காது. பயிர் நடுவில் இருக்கும்போதே சைபர்மெத்ரின் வகை மருந்தைத் திரும்பத் திரும்ப அடித்தால் வெள்ளை ஈ பெருகி, இலையெல்லாம் பிசுபிசுத்துக் கரும்பூசணம் படியும். பஞ்சும் ஒட்டும்.

இனி இளஞ்சிவப்புக் காய்ப்புழு. இதற்குத்தான் நேரம் செலவிட வேண்டும். முட்டையிலிருந்து வந்த புழு சீக்கிரமே காய்க்குள் புகுந்துவிடும், துளையும் மூடிக்கொள்ளும். வெளியே பார்த்தால் காய் பளபளவென்று இருக்கும். உள்ளே போன புழுவை எந்தத் தெளிப்பும் தொடாது. ஆகவே வெளியே நின்று எண்ணும் கணக்கு இங்கே எடுபடாது.

முதல் அடையாளம் பூவில் கிடைக்கும். இதழ்கள் விரியாமல் நூலால் தைத்ததுபோல் ரோஜா மொட்டாக ஒட்டி நிற்கும். பிரித்தால் உள்ளே புழு. காய் பிடித்த பிறகு வாரம் ஒருமுறை, வயலில் குறுக்கும் நெடுக்கும் நடந்து, பூத்து இரண்டு வாரம் ஆன, கட்டை விரலால் அழுத்தினால் உடையும் பருவக் காயாக 20 பறியுங்கள். ஓரத்துச் செடியில் மட்டும் பறிக்கக் கூடாது. காயைப் பிளந்து, பஞ்சை ஒதுக்கி, ஓட்டின் உட்புறச் சுவரைப் பாருங்கள். சிறு பருக்கள், கோடுகள், குண்டூசி முனை அளவு துளை, வெளுத்த குட்டிப் புழு, இவற்றில் ஒன்று தென்பட்டாலும் சேதக் கணக்கில் சேரும். 20க்கு 2 என்றால் மருந்து அடிக்கும் கட்டம்.

இனக்கவர்ச்சிப் பொறி ஏக்கருக்கு 2 போதும், கண்காணிப்புக்கு. செடியின் உச்சிக்கு ஓரடி மேலே இருக்க வேண்டும். செடி வளர வளரக் குச்சியையும் உயர்த்த வேண்டும். இதை யாரும் செய்வதில்லை, பொறி இலைக்குள் மூழ்கிக் கிடக்கிறது. பொறிக்கு ஒரு இரவுக்கு 8 அந்துப்பூச்சி வீதம் தொடர்ந்து மூன்று இரவு விழுந்தால் நடவடிக்கை. லூரை (பொறிக்குள் வைக்கும் கவர்ச்சி வாசனைப் பொருள்) மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், மருந்து பட்ட கையால் தொடக் கூடாது. பெரிய கோளாறு வேறொன்று: பச்சைக் காய்ப்புழுவின் லூரை மாட்டிவிட்டு, பூச்சியே விழவில்லை என்று நிம்மதியாக இருப்பது. ஒவ்வொரு புழுவுக்கும் லூர் தனி. இளஞ்சிவப்புக்குக் காசிப்லூர் என்று பாக்கெட்டில் போட்டிருக்க வேண்டும்.

இந்தப் புழு ஏன் பி.டி.யை வென்றது? இங்கே போடுவது கலப்பின விதை. செடி முழுவதும் இரண்டு மரபணுவும் இருந்தாலும், அதன் காயில் உருவாகும் விதைகள் அடுத்த தலைமுறை. அவை பிரிந்து போகும். இரண்டு மரபணுவும் தனித்தனியே பிரிந்தால் 16 விதைக்கு 1 வீதம் இரண்டுமே இல்லாமல் வரும், வேறு சில ஒன்று மட்டும் உள்ளவையாக இருக்கும். புழு தின்பது அந்த விதையைத்தான். ஒரே காய்க்குள் அரைகுறை நச்சைத் தின்று பிழைத்துப் பழகியது. பி.டி. செடியின் விதையை எடுத்து வைத்து மறுபடி விதைப்பது கூடாது என்பதற்கும் இதுவே காரணம்.

கூடவே புகலிட விதை, அதாவது எதிர்ப்பு பெறாத புழுக்களும் பிழைத்திருக்க விதைக்கும் பி.டி. இல்லாத பருத்தி. முன்பு 450 கிராம் பாக்கெட்டோடு 120 கிராம் சாதா விதை தனியாக வரும், வயலைச் சுற்றி விதைக்கச் சொல்லி. பெரும்பாலோர் தூக்கிப் போட்டார்கள். பின்னர் அதை விதையோடே கலந்து தரத் தொடங்கினார்கள். புகலிடமாகத் துவரை போடலாம் என்பது பச்சைக் காய்ப்புழுவுக்குப் பொருந்தும். இளஞ்சிவப்பு பருத்தியையே நம்பி வாழ்வது, துவரையால் அதற்குப் பயனில்லை. அமெரிக்காவில் புகலிடம், மலட்டு அந்துப்பூச்சி விடுதல், பி.டி. எல்லாம் சேர்த்து 2018இல் இதை ஒழித்ததாக அறிவித்தார்கள். விதை மட்டும் செய்த வேலை இல்லை அது.

பி.டி. கலப்பினம் காய்ச்சுமை அதிகம் தாங்குவதால் இலை சிவப்பதும் அதிகம். நோய் என்று பூஞ்சாணக் கொல்லி அடித்துப் பணத்தைக் கரைக்க வேண்டாம். 50, 80 நாட்களில் மெக்னீசியம் சல்பேட் 5 சதம், யூரியா 1 சதம், துத்தநாக சல்பேட் 0.1 சதம் கலந்து தெளித்தால் தாங்கும். 85, 90 நாளில் 20ஆவது கணுவுக்கு மேல் நுனி கிள்ளினால் பின்காய் குறையும், புழு முட்டையிடும் நுனியும் போகும்.

கடைசி எடுப்பு பெரிய விஷயம். விலை வருகிறதே என்று பயிரை 180 நாளுக்கு மேல் இழுப்பதும், தண்ணீர் விட்டு மறுதாம்பு விடுவதும் அடுத்த பருவத்துக்குப் புழுவை வளர்த்துக் கொடுப்பதுதான். உறங்கும் புழு இரண்டு விதையை நூலால் ஒட்டி அதற்குள் மாதக்கணக்கில் கிடக்கும். காயோடு இருக்கும் பருத்திமாரை வரப்போரம் விறகுக்கு அடுக்கி வைத்தால் அதுவே புழுக் கிடங்கு. ஆட்டைவிட்டு மேயவிட்டு, மிச்சத்தை இயந்திரத்தால் தூளாக்கி உழுதுவிட வேண்டும். வெடிக்காத காயையும், கறை படிந்த கொட்டுப் பருத்தியையும் நல்ல பஞ்சோடு சேர்த்து வீட்டில் குவிக்கக் கூடாது. அடுத்த பருத்திக்கு நான்கைந்து மாத இடைவெளி, அதுவும் பக்கத்து வயல்காரரோடு பேசி ஒரே சமயத்தில். நீங்கள் மட்டும் நிறுத்திப் பக்கத்தில் காய் தொங்கினால் அந்துப்பூச்சி அங்கிருந்து பறந்து வந்துவிடும்.